மாத்திரையும் மனச்சான்றும்

(மேல்வகுப்பு மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்)



தலைவலிக்கு ஒரு மாத்திரை, காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒரு மாத்திரை என்று நாம் பழகிவிட்டோம். தெருமுனை மருந்துக்கடையில் உபாதையின் பெயரைச் சொன்னால் போதும், மருந்து கைக்கு வந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தின் வழியாகத்தான் கருக்கலைப்பு மாத்திரையும் நம் நாட்டு வீடுகளுக்குள் ஓசையின்றி நுழைந்திருக்கிறது.

இதைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிலர் தயங்கக்கூடும். அத்தயக்கம் புரிகிறது. ஆயினும் வீட்டிலும் பள்ளியிலும் பேசாமல் விடும் காரியத்தைக் கைப்பேசியும் தோழியரின் காதோடு காதான பேச்சும் அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்துவிடுகின்றன. அரைகுறை அறிவு அறியாமையைவிடத் தீமை செய்யும். ஆகவே உள்ளதை உள்ளபடி, மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் அறிந்துகொள்வோம்.

இது எங்கோ நடப்பதன்று. 2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவர்களது கட்டுரை லான்செட் குளோபல் ஹெல்த் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவற்றுள் நூற்றுக்கு 73, அதாவது 1 கோடியே 15 லட்சம், மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நடந்தவை. இவர்களில் பலர் எந்த மருத்துவரையும் காணாமல், எந்த ஸ்கேனும் எடுக்காமல், வீட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விழுங்கியவர்கள். இந்த எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாடம் முழுவதும் அந்தச் சாத்திய கதவைப் பற்றியதே.

மாத்திரை உடலில் செய்வது என்ன?

உயிரியல் பாடத்தில் புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கருமுட்டை வெளியேறிய பின் சூலகத்தில் உண்டாகும் கார்பஸ் லூட்டியம் இதைச் சுரக்கிறது. கருப்பையின் உட்சுவரைத் தடிப்பாகவும் மெத்தென்றும் வைத்திருப்பதும், கருப்பைத் தசையை அமைதியாக இருக்கச் செய்வதும் இந்த ஹார்மோனே. வந்து தங்கும் சிறு உயிருக்கு இயற்கை விரித்து வைத்த பாய் என்று இதைச் சொல்லலாம். நஞ்சுக்கொடி வளர்ந்து அப்பணியை ஏற்கும் வரை, முதல் சில வாரங்கள் கரு இதை நம்பியே வாழ்கிறது.

கருக்கலைப்பு மாத்திரை என்று பொதுவாகச் சொன்னாலும் உண்மையில் அவை இரண்டு மருந்துகள். முதலாவது மிஃபெப்ரிஸ்டோன். அது புரோஜெஸ்டிரான் சென்று பொருந்த வேண்டிய இடத்தில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. பூட்டின் துளையில் வேறு சாவி நுழைந்தால் சரியான சாவி எப்படி நுழையும்? ஹார்மோன் இருந்தும் பயனின்றிப் போகிறது. உட்சுவர் தளர்கிறது. இரண்டாவது மருந்து மிசோப்ரோஸ்டால். ஓரிரு நாள் கழித்துக் கொடுக்கப்படும் இது கருப்பையைச் சுருங்கச் செய்து உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது.

மிஃபெப்ரிஸ்டோன் 1980-இல் பிரான்சு நாட்டின் ரூசெல் உக்லாஃப் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. 1988-இல் பிரான்சிலும், 2000-இல் அமெரிக்காவிலும், 2002-இல் இந்தியாவிலும் அனுமதி பெற்றது. மிசோப்ரோஸ்டாலோ முதலில் இரைப்பைப் புண்ணுக்காகச் செய்யப்பட்ட மருந்து. பிள்ளைப்பேற்றுக்குப் பின் உதிரம் நிற்காமல் போகும் தாய்மாரின் உயிரை இதே மருந்து இன்று காத்து வருகிறது. தானாகவே கரு சிதைந்த பெண்ணுக்கும் மருத்துவர்கள் இதைத் தருகிறார்கள். ஆகவே மருந்தைப் பழிப்பதில் பயனில்லை. கத்தி பழத்தையும் நறுக்கும், கையையும் வெட்டும். எதற்காக, யாருக்கு, யார் கண்காணிப்பில் என்பதே கேள்வி.

ஆபத்து எங்கே இருக்கிறது?

முதலில் ஓர் உண்மையை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். தகுந்த மருத்துவர் பரிசோதித்து, உரிய காலத்திற்குள், உரிய அளவில் கொடுத்து, பின்னும் கவனித்துவந்தால், கடுமையான உடல் விளைவுகள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நேர்கின்றன. முற்காலத்தில் குச்சியும் வேரும் கொண்டு கருக்கலைத்ததில் எத்தனையோ பெண்கள் மாண்டார்கள். அதனோடு ஒப்பிட்டால் இது ஆபத்து குறைந்ததே. கிறிஸ்தவர்களாகிய நாம் நம் கொள்கையை நிலைநாட்டுவதற்காக மருத்துவ உண்மையைத் திரிக்கத் தேவையில்லை. பொய்யின் மேல் கட்டிய அறம் முதல் மழையிலேயே கரைந்துபோகும்.

அப்படியானால் ஆபத்து எங்கே? தன்னந்தனியாக, கணக்குத் தெரியாமல், கடையில் வாங்கி விழுங்குவதில் இருக்கிறது. அவ்வாறு செய்யும் பெண்ணுக்குத் தெரியாதவை பல.

1. கரு எங்கே இருக்கிறது? நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ கருப்பைக்குள் தங்காமல் கருக்குழலிலேயே தங்கிவிடுகின்றன. இந்த மாத்திரைகள் அதனைத் தீர்ப்பதில்லை. மாத்திரை சாப்பிட்டவள் தனக்கு ஏற்படும் வலியையும் உதிரப்போக்கையும் 'மாத்திரை வேலை செய்கிறது' என்றே எண்ணிக்கொள்வாள். அதற்குள் கருக்குழல் வெடித்து வயிற்றுக்குள்ளேயே இரத்தம் கசியும். வெளியே அதிகம் தெரியாது. சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஸ்கேன் எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

2. எத்தனை வாரம்? மாதவிலக்கு ஒழுங்காக வராத பெண்கள் நாள் கணக்கில் எளிதில் தவறிவிடுவர். இந்தியாவில் இம்மாத்திரைகளுக்கு விதிக்கப்பட்ட எல்லை 9 வாரம். அதைக் கடந்தபின் தானே விழுங்கினால் மருந்து முழுமையாக வேலை செய்யாமற்போவதும், உதிரப்போக்கு மிகுவதும் கூடிக்கொண்டே போகும்.

3. முழுவதும் வெளியேறிவிட்டதா? நல்ல முறையில் கொடுக்கப்பட்டாலும் நூற்றில் சிலருக்குக் கருத்திசு உள்ளேயே தங்கிவிடும். அப்போது உதிரம் நிற்காது. கிருமி தொற்றினால் காய்ச்சல் கண்டு, இரத்தத்தில் நஞ்சு பரவி, உயிருக்கே கேடு வரும். பின்னாளில் கருக்குழல் அடைபட்டுத் தாய்மையே தடைப்படுவதும் உண்டு.

4. கரு தொடர்ந்து வளர்ந்தால்? சிலவேளை மாத்திரை பலிக்காமல் கர்ப்பம் தொடரும். கர்ப்பத் தொடக்கத்தில் மிசோப்ரோஸ்டாலின் பாதிப்புக்கு உள்ளான குழந்தைகள் சிலர் முகநரம்புக் குறைபாட்டோடும் கைகால் குறைபாட்டோடும் பிறந்ததைப் பிரேசில் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

5. உடலில் இரத்தம் போதுமா? 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. குடத்தில் தண்ணீர் நிறைய இருந்தால் ஒரு செம்பு சிந்தினாலும் பெரிதில்லை. அடியில் கொஞ்சம் இருக்கும் குடத்தில் அதே ஒரு செம்பு சிந்தினால் என்ன மிஞ்சும்? இரத்தம் உறையாத நோய் உள்ளவர், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர், அட்ரினல் சுரப்பி குன்றியவர் ஆகியோருக்கு இந்த மருந்துகள் ஆகவே ஆகா.

இந்த ஐந்தையும் ஊன்றிப் பாருங்கள். உடனிருந்து பார்க்க ஒருவர் இல்லாததே ஒவ்வொன்றிலும் ஆபத்தைப் பெரிதாக்குகிறது. அவள் மயங்கி விழுந்தால் தாங்க ஆளில்லை. காய்ச்சல் கண்டால் சொல்ல வாயில்லை. 'அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே' என்ற பயத்தில் மருத்துவமனை வாசலை மிதிக்கத் தாமதித்த ஒவ்வொரு மணி நேரமும் உயிரைக் குடிக்கிறது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் தொடர்ந்து முழுவதும் நனைதல். தலைசுற்றல், மயக்கம், முகம் வெளிறுதல். 38 டிகிரி செல்சியஸ் அளவுக்கு, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, ஏறி ஒரு நாளாகியும் தணியாத காய்ச்சல், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, துர்நாற்றமுள்ள கசிவு. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. 108-ஐ அழையுங்கள். என்ன மருந்து, எப்போது சாப்பிட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இந்நிலையில் செய்யப்படும் சிகிச்சை உயிர் காக்கும் சிகிச்சை. கத்தோலிக்க மருத்துவமனையாயினும், கன்னியர் நடத்தும் மருந்தகமாயினும், அதைச் செய்வது கடமையே.

நாட்டுச் சட்டம் சொல்வது

இந்தியாவில் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் அது திருத்தப்பட்டது. குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பதிவு பெற்ற, பயிற்சியுள்ள மருத்துவரே கருக்கலைப்புச் செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. மாத்திரை முறையும் அவ்வாறே. மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் விற்பது சட்டத்துக்கு மாறானது. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

மாணவியர் அறிந்திருக்க வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன. முதலாவது, ஒரு பெண்ணின் சம்மதமின்றி அவள் கருவைக் கலைப்பது பெருங்குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா அதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது. காதலித்தவனோ, கணவனோ, மாமியாரோ, பெற்றவரோ, யாராயினும் மாத்திரையைக் கையில் திணித்து விழுங்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. இரண்டாவது, 18 வயதுக்குட்பட்ட சிறுமி கருவுற்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவளைப் பாதிக்கப்பட்டவளாகவே பார்க்கிறது. விஷயம் அறிந்த பெரியவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-இல் தீர்ப்பளித்திருக்கிறது. தனக்குத் தீங்கு நேர்ந்த குழந்தை இரவானாலும் பகலானாலும் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

சட்டம் அனுமதிக்கிறதே, பிறகு என்ன தடை என்று கேட்கலாம். சட்டம் தண்டனையின் எல்லையைச் சொல்கிறது. நன்மை தீமையின் எல்லையைச் சொல்ல வேண்டியது மனச்சான்று. பெற்றோரை முதுமையில் அன்பில்லாமல் நடத்துவதை எல்லா வேளையும் சட்டம் தண்டிப்பதில்லை. அதனால் அது சரியாகிவிடுமா?

திருமறையும் திருச்சபையும் சொல்வது

கருவில் இருப்பது யார்? கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது மருத்துவ வழக்கம். அக்கணக்கில் 6-ஆம் வாரம் ஏறத்தாழ முடியும்போது ஸ்கேனில் இதயத் துடிப்பைக் காண முடியும். 9 வாரம் நிறையும்போது அதன் நீளம் ஏறத்தாழ இரண்டேகால் சென்டிமீட்டர். கைவிரல்கள் பிரியத் தொடங்கியிருக்கும். இது தாயின் உறுப்புகளில் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. தாயினுடையதும் தந்தையினுடையதும் கலந்த, உலகில் இதுவரை இல்லாத ஒரு புதிய அமைப்பு. அறிவியல் இவ்வளவைச் சொல்லுகிறது. அந்தச் சிறு உயிரைக் கடவுள் பெயர் சொல்லி அறிந்திருக்கிறார் என்று விசுவாசம் மேலும் சொல்லுகிறது. தாய் வயிற்றில் உருவாகுமுன்னரே தன்னை ஆண்டவர் அறிந்திருந்ததாக இறைவாக்கினர் எரேமியா கேட்டார். 139-ஆம் திருப்பாடலில் தாவீதரசர் தம்மைக் கருவிலேயே உருவாக்கியவரைப் போற்றிப் பாடுகிறார்.

ஆகவேதான் தொடக்கத் திருச்சபையிலிருந்தே கருவை அழிப்பது பாவமென்று கற்பிக்கப்பட்டு வருகிறது. திதாக்கே என்னும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல் இதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. அக்காலத்து உரோமைப் பேரரசில் வேண்டாத குழந்தைகளைக் குப்பைமேட்டில் எறிந்துவிடும் வழக்கம் இருந்தது. கிறிஸ்தவர்கள் அதைக் கண்டித்ததோடு நிற்கவில்லை, எறியப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்க்கவும் செய்தார்கள். நம் காலத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலும், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலில் 1995-இலும் இப்போதனையை உறுதிப்படுத்தினார்கள். மருத்துவர் செய்தாலும், மாத்திரை செய்தாலும், செயல் ஒன்றே. மாத்திரை அதை மறைவானதாக ஆக்கலாம். வேறொன்றாக ஆக்க முடியாது.

இங்கே இரண்டு விளக்கங்கள் அவசியம். ஒன்று, தானாகச் சிதைந்த கருவுக்காக எந்தத் தாயும் தன்னைக் குற்றவாளியாக நினைக்கக் கூடாது. அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இயற்கையாகவே சிதைகின்றன. பெரும்பாலும் அவை யார் பிழையாலும் நேர்வதில்லை. இதைப் படிக்கும் அன்னையருள் அத்துயரை அனுபவித்தோர் இருந்தால், உங்கள் குழந்தை இறைவனின் கையில் இருக்கிறது என்று ஆறுதல் கொள்ளுங்கள். மற்றொன்று, கருக்குழலில் கரு தங்கித் தாயின் உயிர் ஊசலாடும்போது, நோயுற்ற அக்குழலை அறுவை செய்து அகற்றுவதைக் கத்தோலிக்க அறநெறி தடுப்பதில்லை. தாயின் உயிரும் இறைவன் தந்ததே.

இத்தாலி நாட்டுக் குழந்தை மருத்துவர் புனித ஜியன்னா பெரெத்தா மொல்லாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1961-இல் நான்காம் குழந்தையைக் கருவுற்றிருந்தபோது அவர் கருப்பையில் கட்டி ஒன்று கண்டது. குழந்தையைக் காக்கும்படி, கட்டியை மட்டும் அகற்றும் அறுவையை அவர் தேர்ந்துகொண்டார். 1962 ஏப்ரல் 21-இல் பெண்குழந்தை பிறந்தது. ஒரு வாரத்தில், 28-ஆம் நாள், ஜியன்னா காலமானார். 2004 மே 16-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது அந்த மகளும் அங்கே இருந்தார். எல்லாரிடமும் இத்தகைய வீரச்செயலைத் திருச்சபை கட்டாயமாகக் கேட்பதில்லை. ஆனால் கருவிலிருக்கும் உயிர் எவ்வளவு பெறுமதியானது என்பதை ஒரு மருத்துவரே தம் உயிரால் சொன்னார் என்பதை மறக்க முடியாது.

எலிசபெத்தம்மாளின் வீடு

'இதெல்லாம் சரி, மாட்டிக்கொண்ட பெண் என்ன செய்வாள்?' என்று உங்களில் யாரேனும் கேட்டால் அது நியாயமான கேள்வி. 'செய்யாதே' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற அறம் பாதி அறமே.

நற்செய்தியைத் திறந்து பாருங்கள். நாசரேத்தூரில் ஓர் இளம்பெண். மண ஒப்பந்தம் ஆகியிருந்தது, கணவன் வீடு போகவில்லை. அந்நிலையில் கருவுற்றிருக்கிறாள். ஊர் என்ன பேசும்? அக்காலச் சட்டம் எவ்வளவு கடுமையானது? சூசையப்பர் கூட முதலில் அவரை மறைவாக விலக்கிவிட நினைத்தார் என்று மத்தேயு எழுதுகிறார். மாதாவின் கருத்தரிப்பு தூய ஆவியின் வல்லமையால் ஆனது. அதற்கு இணை வேறில்லை. ஆனால் ஊரார் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அவ்வேளையில் மரியன்னை எங்கே போனார்? மலைநாட்டிலிருந்த உறவினர் எலிசபெத்தம்மாளின் வீட்டுக்கு விரைந்து போனார். அந்த முதிய பெண்மணி வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. மகிழ்ச்சியோடு வரவேற்றார், வாழ்த்தினார். அவர் வயிற்றிலிருந்த குழந்தை யோவானும் துள்ளியது. ஏறத்தாழ மூன்று மாதம் மரியன்னை அங்கே தங்கினார். சூசையப்பரும் வானதூதரின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து அவரைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். மனிதரின் மீட்பு ஒரு பெண்ணுக்குத் திறந்த இரண்டு வீடுகளின் வழியாக வந்தது.

ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் எலிசபெத்தம்மாள் வேண்டும். அம்மாவாக இருக்கலாம், அத்தையாக, பெரியம்மாவாக, ஆசிரியையாக, விடுதிச் சிஸ்டராக இருக்கலாம். மாணவியே, 'எது நேர்ந்தாலும் நான் இவரிடம் சொல்லுவேன்' என்று ஒரு பெரியவரை இன்றே மனத்தில் குறித்துக்கொள். நெருக்கடி வந்தபின் தேடினால் கிடைப்பது கடினம். உன் தோழி ஒருத்தி இப்படி ஒரு செய்தியை உன்னிடம் சொன்னால், மாத்திரை வாங்கித் தருவதும் உதவியன்று, வகுப்பு முழுவதும் பரப்புவதும் நட்பன்று. அவள் கையைப் பிடித்து நம்பிக்கையான பெரியவரிடம் அழைத்துச் செல்.

வழிகள் இருக்கின்றன. பிள்ளையைப் பெற்றுத் தானே வளர்க்க இயலாத தாய், குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கச் சட்டம் இடம் தருகிறது. மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாத அவகாசமும் உண்டு. தமிழக அரசு 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. அன்னை தெரசா 1955-இலேயே கல்கத்தாவில் சிசு பவனை ஏற்படுத்தினார். 1979-இல் நோபல் பரிசு பெற்ற மேடையில் அவர் பேசியதில் முக்கியமானது பிறவாத குழந்தையைப் பற்றியதே. வேண்டாத குழந்தையைத் தம்மிடம் தாருங்கள் என்று கேட்கும் உரிமை, தொட்டில்களை முதலில் தயாராக வைத்திருந்த அவருக்கு இருந்தது.

ஏற்கெனவே நடந்துவிட்டதென்றால்

கருக்கலைத்த பெண்கள் எல்லாரும் ஒரே விதமாக உணர்வதில்லை. சிலருக்கு அந்நேரம் நிம்மதி, சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் ஆறாத துயரம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் சுற்றுமடலில் அவர்களைத் தனியாக அழைத்து, நம்பிக்கை இழக்க வேண்டாமென்று ஆறுதல் கூறினார். இப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கினார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னது வெளியே போகாது. உடல் காயத்துக்கு மருத்துவரும் உள்ளக் காயத்துக்கு ஆண்டவரும் காத்திருக்கிறார்கள்.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் கொண்டுவந்தவர்கள் பெண்ணை மட்டுமே இழுத்து வந்தார்கள். அந்த ஆண் எங்கே என்று நற்செய்தி சொல்லவில்லை. இன்றும் அவன் பெரும்பாலும் அங்கில்லை. இயேசு கல்லெறியவும் விடவில்லை, 'பரவாயில்லை, தொடர்ந்து செய்' என்றும் சொல்லவில்லை. பாவத்தைப் பாவமென்றும், பெண்ணை மகளென்றும் பார்ப்பதே அவர் வழி.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

'இப்படி ஏதாவது செய்துவிட்டு வீட்டு வாசல் மிதிக்காதே' என்று கோபத்தில் சொல்லுகிறோம். மகள் அதை மறப்பதில்லை. நெருக்கடி நேரத்தில் அவளை மருந்துக்கடைக்கு விரட்டுவது அந்தச் சொல்லே. அதற்குப் பதிலாக, 'எது நடந்தாலும் முதலில் என்னிடம் வா' என்று ஒரு நாள் சொல்லி வையுங்கள். தவறு செய்ய அது அனுமதியாகாது. உயிரோடு திரும்பி வர வழியாகும். மகன்களைப் பெற்றவர்களே, கற்பும் பொறுப்பும் பெண்ணுக்கு மட்டும் கற்பிக்கிற பாடம் ஆகாது. உங்கள் வீட்டுப் பையனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

மாணவியரே, உங்கள் உடல் தூய ஆவியின் ஆலயம். அதன் மதிப்பை அறிந்து, காலத்துக்கு முன் எதையும் அவசரப்படுத்தாமல் காத்துக்கொள்வதே முதல் நல்வழி. அதே ஆலயத்தில் ஒரு நாள் இன்னோர் உயிர் தங்க நேர்ந்தால், அது எந்தச் சூழ்நிலையில் வந்ததாயினும், அவ்வுயிரும் நீங்களும் இறைவனின் பிள்ளைகளே. இருவரையும் தனியே விடாதிருக்க வேண்டியது எங்கள் கடமை.

சிந்தனைக்கு

1. புரோஜெஸ்டிரானின் பணி என்ன? மிஃபெப்ரிஸ்டோன் அதை எவ்வாறு தடுக்கிறது?

2. ஸ்கேன் எடுக்காமல் மாத்திரை உண்பதால் மறைந்துபோகும் பெரிய ஆபத்து எது?

3. 'சட்டம் அனுமதிப்பதெல்லாம் அறமாகுமா?' வகுப்பில் விவாதிக்க.

4. லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்தை வாசித்து, எலிசபெத்தம்மாளிடம் நீங்கள் காணும் நற்குணங்களை எழுதுக.

5. உங்கள் வாழ்வில் உங்களுடைய எலிசபெத்தம்மாள் யார்? விடையைத் தாளில் எழுத வேண்டாம். அவரிடமே போய்ச் சொல்லுங்கள்.